பெயர் போட்டவரும் எழுதியவரும்

ஒரு திரைப்படத்துக்கு வசனம் எழுதியவர் யார் என்பது அற்பமான கேள்வி என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அது மிக முக்கியமான கேள்வி என்று மேடையில் முழங்கிவிட்டு, விடையைத் தேடும் வேலையை மட்டும் செய்ய மறுப்பவர்களோடுதான் என் வழக்கு. அவர்களுள் பெரும்பாலோர் என்னைப் போலவே தமிழ் முதுகலை படித்தவர்கள், என்னைப் போலவே வகுப்பறையில் பேசிச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆகவே இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவி ஒருவர், தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் வைணவக் கதைகள் கையாளப்பட்ட விதத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அதில் ஓர் இயல் முழுவதும் 'ராமானுஜர்' தொடருக்கு உரியது. 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடருக்கு எழுதியவர் மு. கருணாநிதி. அப்போது அவருக்குத் தொண்ணூற்றொரு வயது நிறைந்திருந்தது. திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இந்தச் சேர்க்கையில் தனி ருசி உண்டு. உடையவரின் தந்தையார் கேசவ சோமயாஜி எங்கள் கைரவிணித் தீர்த்தக் கரையில் வேள்வி செய்துதான் பிள்ளைப்பேறு பெற்றார் என்பது வைணவ மரபு. தொடரை எழுதியவரோ 1996 முதல் 2011 வரை அடுத்த தொகுதியான சேப்பாக்கத்தின் சட்டமன்ற உறுப்பினர். பார்த்தசாரதி கோயில் மாடவீதியில் அக்காலத்தில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதங்களைத் தொகுத்தால் அதுவே ஒரு தனித் தொடராகும்.

இயலின் தொடக்கத்தில் ஆசிரியர் அறிமுகம் வேண்டுமல்லவா? மாணவி அவருடைய தொடக்கத் திரைப்பணிகளை ஓர் அட்டவணையாகப் போட்டார். முதல் வரிசை: 'ராஜகுமாரி', ஜுபிடர் பிக்சர்ஸ், 1947. வசனம் என்ற கட்டத்தில் அவர் எழுதியது: "ஏ.எஸ்.ஏ. சாமி, உதவி மு. கருணாநிதி (படத்தின் பெயர்ப்பட்டியலின்படி)". அடிக்குறிப்பில், வசனத்தைத் தாமே எழுதியதாகக் கருணாநிதி 'நெஞ்சுக்கு நீதி'யில் கூறுவதையும் குறித்திருந்தார். இரண்டாம் வரிசை: 'அபிமன்யு', 1948. "பெயர்ப்பட்டியலில் கருணாநிதி பெயர் இல்லை, எழுதியதாக அவர் கூற்று."

என் பார்வையில் இதைவிடச் சரியாக அந்தக் கட்டங்களை நிரப்ப முடியாது. வாய்மொழித் தேர்வில் நடந்தது வேறு. ஒருவர், "கலைஞர் எழுதினார் என்பது உலகறிந்த செய்தி, அவரை உதவியாளர் என்று எழுதிச் சிறுமைப்படுத்தலாமா? திருத்துங்கள்" என்றார். இன்னொருவர், "பெயர்ப்பட்டியலில் இல்லாததை அட்டவணையில் எதற்குச் சேர்த்தீர்கள்? பின்னாளில் அதிகாரத்தில் இருந்துகொண்டு யாரும் எதையும் எழுதலாம். நீக்குங்கள்" என்றார். ஒருவருக்கொருவர் நேர் எதிரானவர்கள் ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டார்கள். இருவரில் ஒருவரும் அந்தப் பெண்ணிடம், "இது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்கவில்லை. முன்னவர் சொன்ன இன்னொரு வாசகம் என் காதில் இன்னும் நிற்கிறது. "எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு அடிக்குறிப்பு எதற்கம்மா?"

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்குத்தான் ஐயா அடிக்குறிப்பு வேண்டும். ஒருவருக்கும் தெரியாத விஷயத்தில் பிழை நுழைந்தால் அது அந்த ஒரு பக்கத்தோடு போய்விடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில் நுழைந்த பிழைக்குச் சாவே கிடையாது.

வழக்கின் பொருளைப் பார்ப்போம். 'ராஜகுமாரி' வெளிவந்தபோது கருணாநிதிக்கு இருபத்துமூன்று வயது நிறைந்திருக்கவில்லை. ஈரோட்டில் பெரியாரின் 'குடிஅரசு' அலுவலகத்திலிருந்து கோவைக்குச் சென்று ஜுபிடரில் சேர்ந்த காலம். படம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. ஏ.எஸ்.ஏ. சாமிக்கு அது இயக்குநராக முதற் படம், எம்.ஜி. ராமச்சந்திரனுக்குக் கதாநாயகனாக முதற் படம். பி.யு. சின்னப்பாவையும் டி.ஆர். ராஜகுமாரியையும் போட்டு எடுப்பதாக இருந்து, பிறகு சம்பளப் பட்டியலில் இருந்தவர்களையே வைத்து எடுத்துப் பார்ப்போம் என்று முதலாளிகள் துணிந்த படம் அது. நாயகன், இயக்குநர், எழுத்தாளர் ஆகிய மூவரும் அன்றைக்குக் கம்பெனியின் ஆட்கள். இதை மறந்துவிட்டு, பின்னால் இரண்டு முதலமைச்சர்கள் ஆனவர்களின் சந்திப்பாக அந்தப் படத்தைப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

சம்பளத்துக்கு எழுதுகிறவனின் எழுத்து கம்பெனிக்குச் சொந்தம். யார் பெயரைப் பெரிதாகப் போட்டால் படம் விற்கும் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். 'பில்ஹணன்' நாடகத்தால் அறியப்பட்டவரும், பி.ஏ. ஆனர்ஸ் பட்டத்தைப் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டவருமான சாமியின் பெயர் விற்கும். திருவாரூரிலிருந்து வந்த இளைஞனின் பெயர் விற்காது. இதில் சாமியைக் கொடுமைக்காரராக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1949இல், அதே ஜுபிடர், அதே சாமியின் இயக்கத்தில் 'வேலைக்காரி'யை எடுத்தது. அங்கே அண்ணாதுரையின் பெயரை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அப்பெயரைச் சொல்லித்தான் படத்தை விற்றார்கள். ஆக, அந்நாளைய பெயர்ப்பட்டியல் என்பது நோட்டரி கையெழுத்திட்ட பத்திரமன்று. ஓரளவு உண்மை, ஓரளவு வியாபாரம்.

முதல் தேர்வாளரின் கட்சியைச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டு மகிழ வேண்டாம். பெயர்ப்பட்டியல் முழுச் சான்றன்று என்பதால் தன்வரலாறு முழுச் சான்று ஆகிவிடாது. 'நெஞ்சுக்கு நீதி' நிகழ்ச்சிகள் நடந்து பல ஆண்டுகளுக்குப் பின், எழுதியவர் தமிழகத்தின் மிக வலிமையான மனிதர்களுள் ஒருவராக ஆன பின் எழுதப்பட்டது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. என் சொந்த அபிப்பிராயம், 'ராஜகுமாரி'யின் வசனத்தில் பெரும்பங்கு அவருடையதே என்பது. ஆனால் என் அபிப்பிராயம் அட்டவணையின் கட்டத்துக்குள் போவதற்கில்லை. அங்கே போக வேண்டியவை பட்டியல் சொல்வதும், தன்வரலாறு சொல்வதும் ஆகிய இரண்டும்தாம். அவை தனித்தனியாக, இன்னது இன்னதிலிருந்து என்று குறிக்கப்பட வேண்டும். பெயர் போடப்பட்டதா என்பது ஒரு கேள்வி. எழுதினாரா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை படச்சுருளில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சாட்சியங்களில் இருக்கிறது. ஒன்றின் விடையை எடுத்து மற்றொன்றின் மேல் ஒட்டுவதைத்தான் இரு தேர்வாளர்களும் செய்யச் சொன்னார்கள்.

நடையைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று சில தமிழ் ஆசிரியர்கள் கிளம்புவார்கள். "அந்த அடுக்குமொழி வேறு யாருக்கு வரும்?" வரும். 1937இல் 'அம்பிகாபதி'க்கும் 1942இல் 'கண்ணகி'க்கும் எழுதிய இளங்கோவனுக்கு வந்தது. அண்ணாதுரைக்கு வந்தது. நாடகக் கம்பெனிகளில் பெயர் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்த பலருக்கும் வந்தது. மோனையைக் கைரேகையாகக் கொள்பவர்கள், நாளை யாராவது ஒருவர் எதுகையோடு எழுதிய சுவரொட்டியைக் கண்டாலும் கலைஞரின் படைப்பு என்று தொகுத்துவிடுவார்கள்.

இதில் எனக்குக் கோபமூட்டுவது, இந்தப் பாடத்தை நாம் திரைப்பட ஆய்வாளர்களிடம் போய்க் கற்க வேண்டியதில்லை என்பதே. இது நம் வீட்டுப் பாடம். நன்னூலின் பாயிரத்தை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றுள் நூலை ஆக்கியோனின் பெயரும், அந்நூல் எதன் வழியில் வந்தது என்பதும் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து மாணவர்களுக்கு மதிப்பெண் போடுகிறோம். அதே நாம், திரைப்படம் என்று வந்ததும், 'கதை' வேறு, 'வசனம்' வேறு என்ற முதல் வேறுபாட்டைக்கூட மறந்துபோகிறோம்.

இதற்குப் 'பராசக்தி'யை விடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டாம். 1952 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தைக் கலைஞரின் கதை என்று எழுதாத நூல் அரிது. கதை அவருடையது அன்று. பாவலர் பாலசுந்தரம் என்ற தமிழ்ப் புலவர் அதே பெயரில் எழுதிய நாடகம் அது. திரைக்கதையும் வசனமும் கருணாநிதி. 'மனோகரா' (1954) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். அதே ஆண்டில் வந்த 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞரின் நாவல். பம்மலுக்கும் நாமக்கல்லாருக்கும் அவரவர் புகழ் காவலாக நிற்கிறது. பாவலருக்கு அப்படி ஒரு காவல் இல்லை. நீதிமன்றக் காட்சியை ஒரு மூச்சில் ஒப்புவிக்கத் தெரிந்த என் மாணவர்களுள் பாவலர் பாலசுந்தரம் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. அந்த வசனம் பாவலரின் நாடகத்தைத் தமிழ்நாட்டின் நினைவில் நிறுத்தியது; அவர் பெயரை நிறுத்தவில்லை.

இந்த முரணை யோசித்துப் பாருங்கள். 1948இல் தம் பெயர் திரையில் வராததை ஒரு மனக்குறையாகப் பதிவு செய்தவரின் அடியார்கள், 1952இன் இன்னொருவர் பெயரைக் கூச்சமில்லாமல் விழுங்குகிறார்கள். மறுபுறம், 1947இன் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு "சாமி என்றுதானே இருக்கிறது" என்று சாதிப்பவர்கள், பாவலர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவரைக் காப்பாற்றுவதால் அவர்களுக்கு எந்த அரசியல் லாபமும் இல்லை. இரு தரப்புக்கும் வேண்டியது கருணாநிதிதான். ஒரு தரப்புக்குத் துதிக்க, மறு தரப்புக்கு வைய. நடுவில் 'பராசக்தி'யை முதலில் எழுதிய புலவரை யாருக்கும் வேண்டாம்.

'மந்திரிகுமாரி'யில் (1950) இந்தச் சிக்கல் இல்லை. கருணாநிதியே எழுதிய நாடகம், குண்டலகேசியின் கதையைத் தழுவியது, வசனமும் அவரே. ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காத காப்பியம். கிடைத்திருப்பவை சில பாடல்களே. கதையை நாம் அறிவது பெரிதும் நீலகேசி உரையின் வழியாக. ஆகவே ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றைக் கலைஞர் படமாக்கினார் என்று எழுதுகிறவர் உண்மையில் சொல்ல வேண்டியது, அக்காப்பியத்தைப் பற்றி எதிர்ப்பக்கத்து நூலின் உரைகாரர் சொன்னதை அவர் நாடகமாக்கினார் என்பதே. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 'வழி' என்ற சொல்லுக்கு எத்தனை வளைவுகள் உண்டு என்று காட்டச் சொன்னேன்.

இந்தத் திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில்தான் 'தியாகராஜ விலாசம்' இருந்தது. உ.வே. சாமிநாதையர் வாழ்ந்த வீடு. 2012இல் அதை இடித்துவிட்டார்கள். அது வேறு புலம்பல், இங்கே வேண்டாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அந்த மனிதர், ஏடு ஏடாகத் தேடி ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் இன்னோர் ஏட்டில் வேறு சொல்லும் இருந்தால், தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்து மற்றதைப் பிரதிபேதம் என்று கீழே குறித்தார். தாம் ஏற்காத பாடத்தை அழிக்கவில்லை. பின்னால் வருகிறவன் தம்மைத் திருத்துவதற்குரிய வழியைத் தாமே திறந்து வைத்தார். என் மாணவி அந்த அட்டவணையில் செய்தது இதைத்தான். 'ராஜகுமாரி' என்ற ஏட்டுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன என்று குறித்தார். உ.வே.சா. படத்துக்கு மாலை போட்டுத் தமிழ் மன்றம் தொடங்குகிற நாம், ஒன்றை அழி என்றோம்.

சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்களிடம் இன்னொரு நேர்மையும் இருந்தது. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? நல்ல பாட்டு, கபிலர் பெயரைப் போட்டுவிடுவோம் என்று நினைத்தார்களா? பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் 'செம்புலப்பெயனீரார்' என்று குறித்துவிட்டுப் போனார்கள். பெயர் தெரியாது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. அந்த அடக்கத்தில் கால்வாசி இருந்தால் போதும், தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் பாதிப் பிழைகள் குறையும்.

சரி, நம்பத்தகுந்த சான்று எது? படத்தின் பெயர்ப்பட்டியலே முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் எந்தப் பிரதியின் பட்டியல்? பழைய படங்கள் மறுவெளியீட்டுக்கு வரும்போது, இடையில் புகழ்பெற்றவர்களின் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து பட்டியலை மாற்றிப் போடுவதுண்டு. தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதிகளில் பட்டியலே பாதிதான் இருக்கும். ஆகவே எழுத்தின் வடிவம், பட்டங்கள், அடைமொழிகள் எல்லாவற்றையும் ஓலைச்சுவடியைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி ஒன்றில் 'கலைஞர்' என்று போட்டிருந்தால் அந்தப் பட்டியல் பின்னாளில் செய்யப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். எம்.ஆர். ராதா சூட்டியதாகச் சொல்லப்படும் அந்தப் பட்டம் அப்போது அவருக்கு இல்லை.

அடுத்தது பாட்டுப் புத்தகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தை நம் புலவர் உலகம் கை கழுவிவிட்டுத் தொட வேண்டிய பொருளாகக்கூட மதித்ததில்லை. ஆனால் அதில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டெழுதியவர், வசனகர்த்தா, ஒலிப்பதிவாளர் என்று எல்லாம் இருக்கும். படம் வெளியான சமயத்திலேயே அச்சானது. பின்னாளில் யாரும் திருத்த வழியில்லாதது. படச்சுருள் அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி இதுதான். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றைப் பேணி வைத்திருக்கிறார்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் பைத்தியக்காரர் என்று பெயரெடுத்துச் சேர்த்ததன் பயன் அது. பாட்டுப் புத்தகமும் பொய் சொல்லும். படம் முடியுமுன் அச்சுக்குப் போனதால், வெட்டப்பட்ட பாட்டு அதில் இருக்கும். கடைசியில் சேர்ந்தவரின் பெயர் இல்லாமற் போகும். ஆயினும் அது சொல்வது அன்றைய பொய். அன்றைய பொய்க்கு ஒரு மதிப்பு உண்டு. இன்றைய பொய்க்கு அதுவும் இல்லை.

அக்காலப் பத்திரிகை விளம்பரங்கள், 'பேசும் படம்', 'குண்டூசி' போன்ற இதழ்களின் விமர்சனங்கள் இவற்றுக்குப் பின்னால் வரும். அதன்பின் தொகுப்பு நூல்கள். 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் 2004இல் வெளியிட்ட 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' இல்லாமல் இந்தத் துறையில் ஒருவரும் ஓரடி வைக்க முடியாது. தனியொருவராக அவர் செய்த வேலையை ஒரு பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் செய்யவில்லை. ஆனால் அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அவர் தந்த பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பதா, அதைக் கையில் வைத்துக்கொண்டு மூலங்களோடு ஒப்பிடுவதா? நம்மவர்கள் நகலெடுத்தார்கள். நகலைப் பார்த்து இன்னொருவர் நகலெடுத்தார். மூன்றாவது நகலை இணையத்தில் ஏற்றினார்கள். இப்போது "மூன்று நூல்கள் சொல்கின்றனவே" என்கிறார்கள். மூன்றல்ல ஐயா, ஒன்று. அதுவும் மூன்று முறை பிழையாகப் படியெடுக்கப்பட்ட ஒன்று.

கடைசியில் வருவது நினைவு. பேட்டி, தன்வரலாறு, மணிவிழா மலர். நினைவைத் தள்ள வேண்டாம். ஆனால் சாட்சி சொல்கிறவருக்கு அதில் என்ன லாபம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். தமக்குச் சாதகமாகச் சொல்கிறவரின் நினைவை விட, தமக்கு வேண்டாதவருக்குச் சாதகமாக ஒருவர் ஒப்புக்கொள்ளும் நினைவுக்கு எடை கூடுதல். 'ராஜகுமாரி' விஷயத்தில் அப்படிப்பட்ட சான்றைத் தேடுவதுதான் துதிபாடிகள் உண்மையில் செய்ய வேண்டிய தொண்டு. உரத்த குரலில் திருத்துங்கள் என்று சொல்வது தொண்டாகாது.

எழுத்தாளர்களின் திரைப்பட்டியல் என்று வரும்போது இந்த நோய் ஒரு கட்சியோடு நிற்பதுமில்லை. எங்கள் ஊரில், 1935இல் இதே திருவல்லிக்கேணியில், பிறந்த சுஜாதாவின் படங்கள் என்று சுற்றிவரும் பட்டியல்களைப் பாருங்கள். 'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978) இரண்டும் 'ரோஜா', 'இந்தியன்' ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும். முன்னவற்றில் நாவல் மட்டுமே அவருடையது, திரையெழுத்து பஞ்சு அருணாசலம். பின்னவற்றில் வசனம் அவருடையது. பஞ்சு அருணாசலத்துக்கு உரியதைச் சுஜாதாவுக்குக் கொடுத்தால் இருவரில் யாருக்கு மரியாதை?

இப்போது தொலைக்காட்சிக்கு வருகிறேன், என் கவலை முழுவதும் அங்கேதான். 1947இன் படத்துக்காவது சுருள் இருக்கிறது, பாட்டுப் புத்தகம் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், சுவாமி சிவானந்தா சாலையில் அதன் நிலையம். அங்கே அரங்கேறிய தொடக்ககால நாடகங்களை எழுதியவர்கள் யார் என்று இன்று ஒருவர் ஆராயப் புறப்பட்டால் எதைப் பார்ப்பார்? பழைய நாடாவின் மேலேயே புதிய நிகழ்ச்சியைப் பதிவது அந்நாளைய வழக்கம். பல நாடகங்களுக்குப் படமும் இல்லை, பட்டியலும் இல்லை. தொலைக்காட்சிக்குப் பாட்டுப் புத்தகம் போட்டு விற்றவரும் இல்லை.

1990களில் தனியார் அலைவரிசைகள் வந்தன. தொடர்கள் வாராந்தரத்திலிருந்து அன்றாடத்துக்கு மாறின. நாள்தோறும் அரை மணி நேரத்துக்கு எழுத வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். அவருக்கு உதவியாக இருவர் மூவர். பாதியில் ஆள் மாறுவார். பெயர்ப்பட்டியல் பாட்டோடு விரைந்தோடும். இன்று அத்தொடர்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத்தான் வெட்டுகிறார்கள், பார்ப்பவர் பொறுமையிழந்துவிடக் கூடாதாம். 1947இன் இளைஞனுக்கு 'உதவி' என்றாவது ஒரு வரி கிடைத்தது. இவர்களுக்கு அந்த வரியும் வெட்டுப்படுகிறது. இது வெறும் புகழ்ச் சிக்கலும் அன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையைப் படைத்தவனுக்குத் தருகிறது. 2012இன் திருத்தம் திரையில் பயன்படும் எழுத்துக்கு ராயல்டி கோர வழி செய்தது. கோருகிறவன் முதலில் தான் எழுதியதைக் காட்ட வேண்டும். எதைக் காட்டுவான்? அவனிடம் இருப்பது பாட்டு முடிவதற்குள் ஓடி மறைந்த ஒரு வரி.

'ராமானுஜர்' தொடரில் எழுதியவர் பெயரைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அந்தப் பெயர்தான் தொடரின் விளம்பரமே. அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் விற்காது என்று ஓரத்தில் வைக்கப்பட்ட பெயர், இப்போது ராமானுஜரையே விற்றது. ஆய்வேட்டின் அந்த இயல் உண்மையில் இந்த இரண்டு பெயர்ப்பட்டியல்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியது. முதலாவதைத் திருத்து என்பவரும் நீக்கு என்பவரும் அந்தத் தூரத்தைத்தான் அழிக்கச் சொன்னார்கள். 'உதவி' என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதே தெரியாமற் போகும். அவரைச் சிறுமைப்படுத்துவது யார்?

மாணவி திருத்தவுமில்லை, நீக்கவுமில்லை. 'பெயர்ப்பட்டியல்' என்றும் 'பிற சான்று' என்றும் கட்டத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் அடிக்குறிப்பு போட்டு, விளக்கக் கடிதத்தோடு மீண்டும் கொடுத்தார். பட்டம் நான்கு மாதம் தாமதமாகக் கிடைத்தது. 'அபிமன்யு' வரிசைக்குப் பாட்டுப் புத்தகத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் இருவரும் தேடினோம். பைகிராப்ட்ஸ் சாலை என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் புரியும். ஒரு கடைக்காரர், நாங்கள் கேட்டதைப் பொறுமையாகக் காதில் வாங்கிக்கொண்டு, கட்டுக்கட்டாக அவிழ்த்துத் தேடி, ஜெமினி கணேசன் படம் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். 1965இல் வந்த படம் அது.

"அபிமன்யு இல்ல சார். வீர அபிமன்யு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், எடுத்துக்கங்க."